பலகையிலிருந்து திரைக்கு – 7: டிப்ளமசி கேட்பது படமல்ல, பேச்சு

சென்ற வாரம் பார்த்த சதுரங்கம் கணினிக்குள் போனபோது எதையும் இழக்கவில்லை. எல்லாக் காய்களும் கண்முன்னே இருக்கின்றன. எதிராளி வாய் திறக்காவிட்டாலும் ஆட்டம் குறைவுபடாது. டிப்ளமசி அந்த வகை அல்ல. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் உருவாக்கி, 1959-ல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்ட ஆட்டம் இது. 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வரைபடத்தில் ஏழு வல்லரசுகள் மோதுகின்றன; 34 மையங்களில் 18-ஐப் பிடித்தவருக்கு வெற்றி. பகடை இல்லை. எல்லாப் படைகளுக்கும் ஒரே பலம் என்பதால், எதிரி நிற்கும் இடத்தை ஒற்றைப் படையால் பிடிக்க முடியாது, இன்னொரு படை துணை நிற்க வேண்டும். தொடக்கத்தில் கையிலிருக்கும் மூன்று நான்கு படைகளை வைத்துக்கொண்டு இதைத் தனியாகச் சாதிப்பது கடினம். அண்டை நாட்டை ஆடுபவரின் தயவு தேவை. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரண்டிரண்டு பேராக ஒதுங்கிப் பேசி, வாக்குக் கொடுத்து, உத்தரவுகளை ரகசியமாக எழுதுகிறார்கள். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் பிரித்துப் படிக்கப்படும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

கணினிக்கு இதில் எளிதாக வசப்படுவது உத்தரவுகளைச் சரிபார்க்கும் வேலைதான். அவலான் ஹில் 1984-லேயே ஒரு கணினிப் பதிப்பைக் கொண்டுவந்தது. 2005-ல் பாரடாக்ஸ் நிறுவனம் மெருகேறிய வரைபடத்தோடும் அசையும் தலைவர்களோடும் ஒன்றை வெளியிட்டது. கணினி ஆடும் நாடுகளோடு மனிதரிடம் பேசுவதுபோல் பேரம் பேச அதில் வழியில்லை. வரவேற்பும் குறைவாகவே இருந்தது. இதே ஆட்டத்தை 1963 முதல் தபாலிலும், பிறகு மின்னஞ்சலிலும், இன்று எளிய இணையதளங்களிலும் ஆடிவருகிறார்கள். அங்கே அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தில் கெஞ்சலாம், மிரட்டலாம், பொய் சொல்லலாம். ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான்.

ஏழு பேரை ஒரு மேசையைச் சுற்றிப் பல மணி நேரம் உட்காரவைப்பது நடக்கிற காரியமா, கணினி எதிராளிகள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொல்லையைத் தபால்காரரே தீர்த்துவைத்துவிட்டார், பேச்சைப் பலிகொடுக்காமலே.

இதைவிடக் கனமான மறுப்பு 2022 நவம்பரில் வந்தது. மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், தான் கணினி என்று சொல்லாமல் மனிதர்களோடு இணையத்தில் 40 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் இடம்பிடித்தது. இனிப் பேச்சையும் கணினியிடம் விட்டுவிடலாமே என்பார்கள். சிசரோ எதிலிருந்து கற்றது என்று பார்க்க வேண்டும். மனிதர்கள் இணையத்தில் பேசிக்கொண்டே ஆடிய 40,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களின் உரையாடல்கள்தான் அதன் பாடம். அதை உருவாக்கியவர்கள் நகர்வுக் கணக்கோடு நிற்காமல், சொல்லும் சொல்லையும் போடும் திட்டத்தையும் இணைக்கப் பெரும்பாடு பட்டார்கள். பேச்சு ஒட்டுச்சரக்கு என்றால் அந்த உழைப்புக்கு அவசியமே இருந்திருக்காது. மேலும், அவை ஒரு சுற்றுக்கு ஐந்தே நிமிடம் தரும் விரைவு ஆட்டங்கள். நாள்கணக்கில் கடிதம் எழுதி வளர்த்த நம்பிக்கையை அங்கே சோதிக்க முடியாது.

டிப்ளமசியை அடுத்துத் திரைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் முதல் பணத்தைப் பேச்சுவார்த்தை அறைக்குச் செலவிடட்டும். மிச்சமிருந்தால் போர்க்கப்பல்களுக்கு வண்ணம் பூசிக்கொள்ளலாம்.

(தொடரும்)