குதிரில் இல்லாத நெல்

கீரனூர் பேருந்து நிலையத்துப் பக்கம் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடை பெஞ்சில், குரூப் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, சீனாவுல புரட்சி முடிஞ்சதும் ஏழைங்களுக்கு நிலத்தைப் பிரிச்சுக் குடுத்தாங்கன்னு புக்குல இருக்கு. அடுத்த பக்கத்துலயே கோடிக்கணக்குல ஜனங்க பட்டினியில செத்தாங்கன்னும் இருக்கு. நிலம் கையில இருக்கிறவன் எப்படி மாமா பட்டினி கிடப்பான்?”

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் நடந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆயிற்று. கண்மாய்ப் பாசனத்தில் முக்கால் ஏக்கர் பயிர் வைக்கிற என் சித்தப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

சீனத்தில் நிலத்தை ‘மூ’ என்று அளப்பார்கள். ஒரு மூ நம் கணக்கில் ஏறக்குறைய 16 செண்ட். 1949 அக்டோபர் 1-ல் மாவோ சேதுங் மக்கள் குடியரசை அறிவித்தார். மறு வருஷம் ஜூன் 30-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. மூன்று வருஷத்துக்குள் சுமார் 30 கோடிப் பேருக்கு 70 கோடி மூ பிரித்துக் கொடுத்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 38 செண்ட். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர். அதுவரை அடுத்தவன் நிலத்தில் உழுதவனின் பெயரில் பத்திரம். நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பத்திரத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். கட்சி ஊழியர்கள் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு, குத்தகைக்காரனையும் கூலிக்காரனையும் எழுந்து நின்று பேச வைத்தார்கள். ‘கசப்பைச் சொல்லுதல்’ என்றே அதற்குப் பெயர். வாங்கின கடன், வட்டிக்குப் போன மாடு, விற்ற பிள்ளை என்று பண்ணையாரின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அதே கூட்டங்களில் நிலக்காரர்களை அடித்தும் கொன்றார்கள். செத்தவர்கள் சில லட்சம் என்பாரும் உண்டு, இருபது லட்சம் என்பாரும் உண்டு. கொஞ்சம் வசதியாக இருந்ததற்காகவே மாட்டிக்கொண்ட குடியானவனும் அதில் அடக்கம். அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக வாய் திறக்காதவன் அன்று வாய் திறந்தான் என்பதும் மெய்தான்.

நம் பக்கத்திலிருந்து அறுப்புக்குப் போவார்களே, அந்தத் தஞ்சைச் சீமையிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. 1943-ல் மன்னார்குடி வட்டாரத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ் கன்னட தேசத்திலிருந்து வந்தவர். பண்ணையாளுக்கு அன்று விதித்த தண்டனைகள் சவுக்கடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். சங்கம் எடுத்த எடுப்பில் நிலம் கேட்கவில்லை, இதை நிறுத்தச் சொன்னது. 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தத் தண்டனைகள் ஒழிந்தன. 1952-ல் ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் 15. பினாமி பெயர்களில் நழுவிப் போனது ஏராளம். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானது இன்றும் ஆறாத புண். ஆனாலும் வெண்மணியை யாராலும் மூடி மறைக்க முடியவில்லை. பத்திரிகையில் வந்தது, வழக்கு நடந்தது, இன்றைக்கும் டிசம்பரில் ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள்.

சீனத்தில் கொடுத்த நிலம் விவசாயியிடம் பத்து வருஷம்கூடத் தங்கவில்லை. 1956-க்குள் பெரும்பாலும் கூட்டுப் பண்ணைக்குப் போய்விட்டது. 1958-ல் ‘மாபெரும் பாய்ச்சல்’ என்று சொல்லி நாட்டுப்புறம் முழுவதையும் சுமார் 26,000 மக்கள் கம்யூன்களாக ஆக்கினார்கள். வீட்டு அடுப்பு அணைந்தது. சோறு பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில். எஃகு எடுப்பதற்காக ஊருக்கு ஊர் மண் உலை கட்டி, சமைக்கிற இரும்புச் சட்டியை அதில் போட்டு உருக்கினார்கள். பல இடங்களில் ஒன்றுக்கும் உதவாத கட்டிதான் வந்தது. ஆட்கள் உலைக்குப் போனதால் விளைந்த கதிர் வயலிலேயே கிடந்தது.

விளைச்சலைப் பெருக்க நாற்றை மிக நெருக்கமாக நடச் சொல்லி மேலிடத்து உத்தரவும் வந்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

“நெருக்கி நட்டா தூர் எங்க கட்டும்? காத்துப் புகாது. புகையான் விழுந்து மொத்தமும் பதராப் போயிரும். அது அங்க உள்ள குடியானவனுக்குத் தெரியாதா?”

“தெரியும் சித்தப்பா. சொல்ல முடியாது.”

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கம்யூன் இவ்வளவு விளைந்தது என்று கூட்டிச் சொன்னால், பக்கத்துக் கம்யூன் அதற்கு மேல் சொல்லியாக வேண்டும். குறைத்துச் சொன்னவனுக்கு ‘வலதுசாரி’ என்று பட்டம் விழும். அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு தன் பங்கை அளந்து எடுத்தது. குதிரில் இல்லாத நெல்லுக்கு வரி கட்ட வேண்டும் என்றால், விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும்தான் போகும். 1959-ல் வெளிநாட்டுக்குத் தானிய ஏற்றுமதி நடந்துகொண்டுதான் இருந்தது. அதே வருஷம் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் நிலைமையைக் குறித்து மாவோவுக்குக் கடிதம் எழுதினார்; பதவி போயிற்று. அமைச்சர் கதியே அதுவென்றால் ஊர்க் கணக்கன் என்ன சொல்வான்? பிழைக்க வெளியூர் போகவும் வழியில்லை. 1958-ல் வந்த குடும்பப் பதிவுச் சட்டம் விவசாயியை அவன் ஊரிலேயே கட்டிப் போட்டது. 1961 வரை நீடித்த பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பண்ணையாரை எதிர்த்துப் பேசிய அதே வாய், வீட்டில் நெல் இல்லை என்று சொல்ல முடியாமல் பூட்டிக் கிடந்தது.

நம் கீரனூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வறண்டால் சாலை மறியல் நடக்கும், கலெக்டரிடம் மனுப் போகும், வெடித்த தரையின் படம் நாளிதழில் வரும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் சீனப் பஞ்சம் போல ஒன்று வராததற்கு இதுவே காரணம் என்றார் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். அவரே மறுபக்கத்தையும் சொன்னார்: பஞ்சமில்லாத சாதாரண வருஷங்களில் சத்துக்குறைவாலும் நோயாலும் இந்தியா பறிகொடுத்த உயிர்கள் சீனத்தைவிட மிக அதிகம். சில மாதப் பயிற்சியோடு கிராமத்திலேயே மருந்து கொடுத்து ஊசி போட்ட ‘வெறுங்கால் மருத்துவர்’கள் அங்கே பத்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். 1980 வாக்கில் சராசரி ஆயுள் சீனத்தில் 65-ஐத் தாண்டியிருந்தது. நமக்கு 54-ஐ ஒட்டி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

சீனத்தில் வீட்டுக்குள்ளும் மாற்றம் நுழைந்தது. 1950 மே 1-ல் வந்த திருமணச் சட்டம் குழந்தை மணத்தையும் ஆசைநாயகி முறையையும் தடுத்தது. பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்தது. எழுத்துகளைச் சுருக்கி எளிதாக்கி, பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்தினார்கள். நம் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, கையெழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட அக்காக்களைப் பார்த்தவர்களுக்கு, எழுத்து தெரிந்த பெண்ணின் நடையே மாறிவிடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பண்பாட்டுப் புரட்சி என்ற பத்து வருஷக் கொந்தளிப்பும் முடிந்து, 1978 டிசம்பரில், பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட அன்ஹூய் மாநிலத்தின் சியாவ்காங் என்ற சிற்றூரில் 18 குடியானவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். கூட்டு நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்வது, அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பிடிபட்டு யாராவது ஜெயிலுக்குப் போனால், அவர் பிள்ளைகளை மற்றவர்கள் 18 வயது வரை வளர்க்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். ஒரு தாளில் எழுதி, கைநாட்டும் முத்திரையும் வைத்தார்கள். மறு வருஷம் விளைச்சல் பெருகியது. அரசு தண்டிக்கவில்லை, சில வருஷங்களில் நாடு முழுவதும் கம்யூன்கள் கலைந்தன. நிலம் இன்றும் அங்கே விவசாயிக்குச் சொந்தமில்லை, பயிர் வைக்கும் உரிமைதான்.

“அந்தத் தாளை யாரு மாமா எழுதுனது?” என்றான் பையன்.

யென் ஹோங்சாங் என்ற விவசாயி. புரட்சி நடந்த காலத்தில் பிறந்து, அதன் பிறகு எழுத்துக் கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்.