பாலகுமாரனின் நாவலும் திரையுரையாடலும்

நாவலாசிரியர் ஒருவர் திரைப்படத்திற்கு எழுதப் புகுந்தவுடன், அவர்தம் இலக்கியப் பணி அவ்வளவில் நின்றதாகக் கொண்டு, பின்னைய எழுத்தை ஆராயாது விடுத்தல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது பொருந்துமா என்பதைப் பாலகுமாரன் (1946–2018) எழுத்தைக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

தஞ்சை மாவட்டத்துப் பழமார்நேரியிற் பிறந்த இவர், டிராக்டர் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். மெர்க்குரிப் பூக்கள் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தையும், இரும்புக் குதிரைகள் லாரித் தொழிலையும் களமாகக் கொண்டவை. தொழில் செய்வோர் பேச்சைச் சிறுசிறு தொடர்களால் அமைத்தலும், அதனிடையே மாந்தர் தம்முள் எண்ணுவனவற்றை நீளப் பெய்தலும் இவ்விரு நாவல்களின் இயல்பு. முன்னது திரைக்குப் பெரிதும் உதவும். பின்னதற்கு அங்கு இடம் அரிது. நடிகர் முகமே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

இயக்குநர் கே. பாலசந்தரிடம் உதவியாளராய்ப் பயின்ற பின், 1987இல் வெளிவந்த நாயகனுக்கு இவர் உரையாடல் எழுதினார். திரைக்கதை மணிரத்னத்தினுடையது, ஆதலின் படத்தின் சிறப்பு முழுவதையும் இவர்க்கே ஏற்றிக் கூறல் ஆகாது. ஆயினும், பம்பாய்த் தாராவித் தமிழர்தம் சுருங்கிய பேச்சில், தொழிலாளரிடையே பழகிய செவியொன்று இயங்குதலை உணரலாம். மறு ஆண்டு இது நம்ம ஆளு என்னும் படத்தை இவரே இயக்கினார். நம் ஆய்வுக்கு அது அத்துணை வேண்டற்பாலதன்று.

குணா (1991) பெரிதும் நோக்கத்தக்கது. மனநலம் குன்றிய தலைவன், மருத்துவமனை அறையில் சுற்றிச் சுற்றி நடந்தவாறே தன் வரலாற்றைக் கொட்டுகிறான். எண்ணத்திற்கும் பேச்சிற்கும் இடையே தடையில்லாத மனம் அது. நாவலில் உள்ளத்துள் ஓடும் நினைவோட்டம் ஈண்டு வாய்ப்பேச்சாகவே வெளிப்படுகிறது. திரையில் இடம்பெறாது என்றோமே, அதற்கு வழி கிடைத்துவிட்டது! பாட்சாவில் (1995) நிலை இதற்கு நேர்மாறு. ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் தன் பழைய வாழ்வை மறைத்தே பேசுகிறான். அவன் சொல்லாது விடுவதே கதையை நடத்துகிறது.

திருவண்ணாமலையில் வாழ்ந்து 2001இல் மறைந்த யோகி ராம்சுரத்குமாரைக் குருவாகக் கொண்டமை இவர் எழுத்தில் மற்றொரு திருப்பம். அதன்பின் எழுந்த நாவல்கள் பலவற்றில் இருவர் உரையாடுதல் குறைந்து, ஒருவர் உபதேசிக்க மற்றவர் கேட்டல் மிகுந்தது. பக்தியை நாம் குறைகூறவில்லை. நாவலின் கட்டு தளர்ந்தது என்பதே நம் கருத்து. தஞ்சைப் பெருங்கோயில் எழுந்த கதையை ஆறு பாகங்களில் விரிக்கும் உடையாரிலும் இவ்விரிவு உண்டு. இதனை முதுமையின் தளர்ச்சி எனலாமோ எனின், அன்று. 2006இல் வந்த புதுப்பேட்டைக்கு எழுதியவரும் இவரே. அங்கு வன்முறையிற் பிழைப்போர் பேச்சு முன்போலவே குறுகி, கூர்மையாய் நிற்கிறது. திரை விதித்த அளவு இவர்க்கு நன்மையே செய்தது என்று கருதுகிறோம்.

ஆய்வு மாணவர் நாவல்களைப் படிப்பதோடு அமையாது, குணாவின் அந்த அறைக்காட்சியைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து, மெர்க்குரிப் பூக்களின் அகவுரைப் பகுதிகளோடு ஒப்பிட்டுத் தொடங்கலாம்.