அடீனியத்தை வெட்டலாம்... ஈரத்தில் வெட்டக் கூடாது!

“சார், ஆசைப்பட்டு வாங்குன அடீனியம் ஒட்டடைக் குச்சி மாதிரி நெட்டுக்குப் போகுது. நுனியில மட்டும் நாலு பூ. வெட்டிவிட்டா செத்துடுமா?”

நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவே இந்தக் கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. கிராமத்து வீடுகளிலும் திண்ணை, மாடி, கிணற்றடி என்று தொட்டிகள் வந்துவிட்டன. தண்ணீர் அதிகம் கேட்காத செடி என்பதால் அடீனியம், கற்றாழை, ஜேடு போன்ற சதைப்பற்றுச் செடிகளைப் பலரும் வளர்க்கிறார்கள். சிலருக்கு அது சிறு வருமானமும்கூட.

கேள்விக்கான பதில் இதுதான்: வெட்டினால் செத்துவிடாது. வெட்டிய காயம் காயாவிட்டால்தான் சாகும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, சொந்த நஷ்டத்தில் கற்றதே அதிகம். சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம் ஒரு விடுமுறை நாளில், என் வீட்டு மாடியில் இருந்த ஆறு அடீனியங்களைக் கவாத்து செய்தேன். மறுநாள் தூறல் பிடித்தது. இரண்டு வாரத்தில் வெட்டிய நுனிகள் பழுப்பாகிக் கொழகொழத்தன. அழுகல் கிளை வழியே இறங்கி, அடித்தண்டு வரை போனது. ஆறில் நான்கு போய்விட்டன. முருங்கையில் முக்கால் மீட்டர் உயரத்தில் நுனி கிள்ளச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறவன், என் வீட்டுத் தொட்டியில் கோட்டை விட்டேன்.

ஏன் வெட்ட வேண்டும்?

முருங்கையில் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கிறதல்லவா? அதே கணக்குதான் இங்கேயும். நுனிமொட்டு இருக்கும்வரை அது பக்கமொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனால், வெட்டுக்குக் கீழே இருந்து இரண்டு மூன்று துளிர்கள் வரும். அடீனியம் கிளையின் நுனியில்தான் பூக்கும். ஆகவே, கிளை கூடினால் பூவும் கூடும்.

ஆனால், செடி ஒல்லியாக நீளுவதற்கு முதல் காரணம் வெயில் போதாமை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலிலேயே வைத்துக்கொண்டு வெட்டினால், புதுக்கிளையும் ஒல்லியாகத்தான் வரும்.

எப்போது வெட்டலாம்?

அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. உடம்பிலேயே தண்ணீரைச் சேர்த்து வைக்கும். அதனால் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும் முன் ஈரம் பட்டால், பூஞ்சணம் நேராக உள்ளே போய்விடும்.

நம் ஊருக்கு மாசி, பங்குனி நல்ல காலம். பனி விலகி வெயில் ஏறும். செடியும் துளிர்க்கத் தயாராக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தியைத் தொடவே வேண்டாம். மார்கழியில் செடி இலை உதிர்த்து ஓய்வில் இருக்கும், அப்போதும் பொறுங்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் மலையோரப் பகுதிகளில் ஆனி, ஆடியையும் தவிர்க்க வேண்டும்.

எப்படி வெட்டுவது?

* மூன்று நாளைக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள்.
* கூர்மையான கத்தி போதும். துருப்பிடித்த கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.
* நர்சரியில் வாங்கியது பெரும்பாலும் ஒட்டுச்செடியாக இருக்கும். ஒட்டுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால், நீங்கள் விரும்பி வாங்கிய பூ வராது.
* எல்லாக் கிளைகளையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வெட்டுங்கள். ஒன்றை மட்டும் நீளமாக விட்டால், வளர்ச்சி அதற்கே போகும். உள்நோக்கி வளர்வதையும் ஒன்றோடொன்று உரசுவதையும் அடியோடு எடுத்துவிடலாம்.
* தண்ணீர் தங்காதபடி வெட்டு சாய்வாக இருக்கட்டும்.
* கசியும் பாலைத் துடைத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடைத் தண்ணீரில் பசைபோலக் குழைத்து வெட்டுவாயில் மட்டும் தடவுங்கள்.
* மழை படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் வேண்டாம். அதன்பின், இலை இல்லாததால் முன்பைவிடக் குறைவாகவே ஊற்றுங்கள். துளிர் ஓர் அங்குலம் வந்த பிறகு உரம் வைக்கலாம்.

இரண்டு மூன்று வாரத்தில் துளிர் தெரியும். பூவுக்கு இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஆடு, குழந்தை கவனம்!

அடீனியம் அரளிக் குடும்பம். இதன் பால் இதயத்தைப் பாதிக்கும் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையுறை போட்டு வெட்டுங்கள். முடிந்ததும் கையையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெட்டிய கிளையைக் குப்பையில் போட்டால் ஆடு கடிக்கும். குழி தோண்டிப் புதையுங்கள். கண்ணில் பால் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். குழந்தையோ ஆடோ தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முப்பது செடி... ஒரு முடிவு

சென்ற தை மாதம் ஒரு பயிற்சி முகாமில், மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா கூட்டம் கலையும்வரை காத்திருந்தார். குழுக்கடனில் முப்பது அடீனியம் வாங்கி விற்கப் போட்டிருக்கிறார். கொட்டகை நிழலில் எல்லாம் நெடுநெடுவென்று போய்விட்டன. வந்த வியாபாரி பாதி விலைக்குக் கேட்டிருக்கிறார். “வெட்டச் சொல்றீங்க. முப்பதும் போச்சுன்னா தவணை யாரு சார் கட்டுறது?” என்றார்.

நியாயமான பயம். “முப்பதையும் வெட்டாதீங்கம்மா. முதல்ல எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்குங்க. மாசி பொறந்ததும் அஞ்சை மட்டும் வெட்டுங்க. துளிர் பார்த்துட்டு மத்ததுக்குப் போங்க” என்றேன்.

ஐந்தில் ஒன்றின் நுனி கருத்தது. போனில் கேட்டார். “வெள்ளைச் சதை தெரியுற வரைக்கும் கீழே வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைங்க. திரும்ப மருந்து தடவுங்க” என்றேன். அது பிழைத்தது. பங்குனியில் மற்றவற்றையும் வெட்டினார். வைகாசிக் கடைசியில் அவரே கூப்பிட்டார்: “சார், இப்ப விலையை நான்தான் சொல்றேன்.”

உங்கள் வீட்டில் ஒரே ஒரு செடி இருந்தாலும் இதே முறைதான். எல்லாக் கிளையையும் வெட்டப் பயமாக இருந்தால், பக்கத்து வீட்டுச் செடியைப் பார்க்கவேண்டாம். காலண்டரையும் வானத்தையும் பாருங்கள். ஒரு வாரம் வெயில் காயும் என்று தெரிந்தால் கத்தியை எடுங்கள்.

வாசகர் கேள்விகள்

வெட்டிய அடீனியம் குச்சியை நடலாமா?
நடலாம். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். விதைச்செடிபோல அடி பருக்காது, பூவுக்காக வளர்க்கலாம்.

ஜேடு செடி கனம் தாங்காமல் சாய்கிறது. என்ன செய்வது?
இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். செடி குட்டையாகி, தண்டு தடிக்கும்.

கற்றாழை மடல் நுனி காய்கிறது. நுனியை நறுக்கலாமா?
பாதியில் நறுக்கிய மடல் திரும்ப வளராது. ஓரமாக இருக்கும் முதிர்ந்த மடலை அடியோடு எடுங்கள். பக்கக்கன்றுகளைப் பிரித்து வேறு தொட்டியில் வையுங்கள்.

மஞ்சள் ஓரம் உள்ள ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி நட்டேன். பச்சையாக வருகிறதே?
அது அப்படித்தான் வரும். இலைத்துண்டில் மஞ்சள் ஓரம் தங்காது. அடுத்த முறை, கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள்.