கம்ப்யூட்டர் வீட்டில் தறிக்கு இடம் உண்டா?

வீடு கட்டுபவரிடம் பிளான் ஷீட்டை நீட்டினால் பாதிப்பேருக்குப் புரியாது. கூச்சத்தில் 'சரிங்க' என்று தலையாட்டிவிடுவார்கள். அங்கேதான் ஸ்வீட் ஹோம் 3டி போன்ற சாப்ட்வேர் கைகொடுக்கிறது. 2006-ல் வந்தது, இலவசம். மேலே பிளானில் சுவர் இழுத்தால் கீழே அறை எழுந்து நிற்கும். பெயிண்ட், டைல்ஸ், கட்டில் எல்லாம் மாற்றி மாற்றிக் காட்டலாம்.

ஆனால் நம்ம பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுக்கு? ரெடிமேட் பட்டியலில் சோபா உண்டு, குழித்தறி ஏது! ஹாலில் சோபா போட்டு அழகாகக் காட்டிவிட்டால், சோறு போடும் தறி எங்கே போகும்? ஆகவே முதலில் டேப் பிடித்துத் தறியை அளந்து, அதே அளவில் பெட்டி பெட்டியாக அடுக்கித் தறியை வைத்துவிட வேண்டும். கால் வைக்கும் குழி, மேலே ஜக்கார்டு பெட்டிக்கு உயரம் (ஃபால்ஸ் சீலிங் பேச்சே எடுக்கக் கூடாது!), கோர்வைப் புடவை என்றால் கூட நாடா போடும் ஆள் உட்கார இடம் - அத்தனையும். ஸ்டைல் எல்லாம் மிச்ச இடத்தில்தான்.

இன்னொன்று, சாதாரணப் படத்தில் அறை எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். ஊரின் அட்சரேகை, வடக்குத் திசை, தேதி, மணி கொடுத்துப் போட்டோ எடுத்தால், சாயங்காலம் 4 மணிக்கு ஜன்னல் வெளிச்சம் தறிமேல் விழுகிறதா என்று தெரிந்துவிடும். இழை பார்க்கிற கண்ணுக்கு அதுதான் வேண்டும். சுவர் கலரை அவரே சொல்லிவிடுவார். கலர் விஷயத்தில் அவருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை.