நாற்பது புத்தகம் பதிந்தவன் ஒரு கதையும் வாசிக்கவில்லை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் நிலாம் வாசிப்புப் பதிவைப் பார்த்தேன். நாற்பது புத்தகங்கள். தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, நான்கு வரிச் சுருக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இதில் எந்தக் கதை உனக்குப் பிடித்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். சுருக்கங்களை அக்கா எழுதிக் கொடுத்தாளாம்.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்க்கவே கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் நிலாம் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது பதிவு இணையத்துக்கு மாறியிருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றானதும் பிள்ளை எண்ணிக்கையைத்தான் தேடும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைத் தயங்காமல் பேசுங்கள். எத்தனை புத்தகம் என்று கேட்பதோடு, ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த ஒரே புத்தகத்தைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசட்டும் என்று கேளுங்கள். பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டானியேல் பென்னாக் 1992இல் வாசகனுக்குரிய பத்து உரிமைகளை எழுதினார். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவைப்பதும், பக்கங்களைத் தாண்டிப் போவதும், பிடித்ததையே திரும்ப வாசிப்பதும் அவற்றில் அடங்கும். பெரியவர்களான நாம் தினமும் செய்வதுதான். பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

தமிழ் வாசிப்பில் இன்னொரு தடையும் இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. வீட்டில் பிள்ளை "மழை வந்துச்சு" என்கிறது. புத்தகம் "மழை வந்தது" என்கிறது. வீட்டிலோ விளையாட்டு இடத்திலோ அந்தப் புத்தக மொழி அதன் காதில் விழுந்ததே இல்லை. கூடவே மலாய், ஆங்கிலம். ஆக, ஏழு வயதுப் பிள்ளை எழுத்தைக் கூட்டும்போதே தனக்குப் பழக்கமில்லாத ஒரு பேச்சையும் கற்கிறது. 'கொ' என்ற எழுத்தில் குறி முன்னாலும் பின்னாலும் நிற்கிறது. கண் சுற்றி வர வேண்டும். ல, ள, ழ வேறு. எழுத்துக்கூட்டுவதிலேயே மூச்சு வாங்கும் பிள்ளைக்குக் கதை எங்கே எட்டும்? இதற்கு மருந்து காது. நூல் தமிழைக் கண் சந்திப்பதற்கு முன் காது சந்தித்திருக்க வேண்டும். தூங்கப் போகுமுன் பத்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கிய பிறகும் நிறுத்திவிடாதீர்கள். பத்து, பதினொரு வயதிலும் கேட்கப் பிடிக்கும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கோ பயிற்சிப் புத்தகம் வாங்கப் போகும்போது ஒரு கதைப் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம். அவை எளியது முதல் கடினமானது வரை நிலை பிரித்து வைக்கப்பட்டுள்ளன. சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள் தமிழ் தடுமாறும் பெற்றோருக்கும் கைகொடுக்கும். வாங்கியதற்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தனக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கும் புத்தகம், சஞ்சிகை, நாளேடு ஆகியவை 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வருமானவரிச் சலுகையில் சேரும். இந்த வரம்புக்குள் கைப்பேசி, கணினி, இணையக் கட்டணமும் அடங்கும். பல குடும்பங்களில் கைப்பேசியே அந்தத் தொகையை விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு பழகியும் பிள்ளை எழுத்தைப் பிடிக்க முடியாமல் திணறினால், நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தால், எழுத்துகளை இடம் மாற்றினால், வாய்மொழியில் கெட்டிக்காரனாக இருந்தும் தாளில் தடுமாறினால், தயவுசெய்து "சோம்பேறி" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது அறிவுக்குறை அல்ல. முதலில் வகுப்பாசிரியரிடமும் குறைநீக்கல் ஆசிரியரிடமும் பேசுங்கள். பிறகு அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். உறுதியானால் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதியலாம். பதிவது கட்டாயமில்லை, விருப்பம்தான். "மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பிள்ளையின் பேர் கெட்டுவிடும்" என்று அஞ்சும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் உதவி கிடைக்காமல் ஆண்டுகள் கழிவதுதான் பிள்ளையை உண்மையில் உடைக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியில் இவர்களை ஒதுக்கக் கூடாது என்கிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. கோலாலம்பூர் தித்திவங்சாவில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கத்தின் மையம் உண்டு.

ஆறாம் ஆண்டு முடிந்து முதலாம் படிவம் போகும் இடத்தில்தான் நாம் அதிகம் இழக்கிறோம். பன்னிரண்டு வயதுவரை தமிழ்ப்பள்ளியில் வாசித்த பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், அங்கே தமிழ் வகுப்பு இல்லையென்றால், ஒரே ஆண்டில் தமிழ் வாசிப்பு கைவிட்டுப்போகிறது. கதையிலிருந்து நாவலுக்குத் தாவ வேண்டிய வயது அது. "பள்ளியில் தமிழ் இல்லையாம்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வேறு சொல்கிறது. தேசியப் பள்ளியானாலும் தேசிய இடைநிலைப்பள்ளியானாலும், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். இது சலுகை அல்ல, சட்டத்தின் வாசகம். மலேசியா 1995இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, சிறார் நூல்களைப் படைத்துப் பரப்புவதையும் சிறுபான்மைப் பிள்ளைகளின் மொழித் தேவையை ஊடகங்கள் கவனிப்பதையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. சில பிரிவுகளுக்கு ஆட்சேபம் பதிந்த நம் நாடு இந்தப் பிரிவுக்குப் பதியவில்லை.

பதினைந்து பேரைச் சேர்க்க ஒரு மாலை போதும். பதிவு நாளில் பள்ளி வாசலில் நில்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் மூன்றும் உள்ள கடிதத்தை முதல்வரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் உள்ள நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். அங்கேயும் அசைவில்லையென்றால் மாநிலக் கல்வி இலாகா, அதற்கு மேல் அமைச்சின் புகார்ப் பிரிவு. ஆசிரியர் இல்லை என்பார்கள். அப்படியானால் எப்போது வருவார் என்று எழுத்தில் கேளுங்கள்.