விருந்துக்கு ஒரு பழத்தட்டு



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பழம் நறுக்குவதைப் பற்றி எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில் நான் வைத்த பழத்தட்டைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மாலை 4 மணி விழாவுக்குக் காலை 10 மணிக்கே ஆப்பிள், வாழை, தர்ப்பூசணி எல்லாவற்றையும் நறுக்கி ஒரே தாம்பாளத்தில் கொட்டி வைத்தேன். விருந்தினர் வந்தபோது ஆப்பிள் காவி நிறம், வாழை கறுப்பு, அடியில் குளம் மாதிரி தர்ப்பூசணித் தண்ணீர். நல்லவேளை, ஒருத்தரும் சாப்பிடவில்லை!

எங்கள் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா மட்டும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அரம் போட்ட இரும்பையும் தோல் சீவின ஆப்பிளையும் காத்துல போட்டு வைக்கக் கூடாதுடா" என்றார்.

அந்த ஐயா இந்த ஏப்ரலில் பணி ஓய்வு பெற்றார். பல வருஷமாக அவருக்குச் சர்க்கரை. எந்த விழாவிலும் கொடுக்கிற லட்டைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொள்வார். கேட்டால், "பேத்திக்கு" என்பார். அவருடைய விழாவிலேயே அவர் சாப்பிட ஒன்றும் இல்லாமல் போகலாமா? பழத்தட்டு என்று முடிவாயிற்று. பொறுப்பு மறுபடியும் என் தலையில்! இந்தத் தடவை நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் வாங்குவது. மதுரையைச் சுற்றிப் பழத்துக்குப் பஞ்சமில்லை. சிறுமலை வாழை, நத்தம் பக்கத்து மாம்பழம், கம்பம் பன்னீர் திராட்சை, பழனிக்கு அருகே ஆயக்குடி கொய்யா எல்லாம் கிடைக்கும். சிறுமலை வாழைக்கு 2008-லும் கம்பம் திராட்சைக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும். இரண்டு நாள் முன்னதாகச் செங்காயாக வாங்கலாம். திராட்சை, அன்னாசி, தர்ப்பூசணி, மாதுளை அப்படிப் பழுக்காது. வாங்கும்போதே பழமாக இருக்க வேண்டும்.

மாம்பழத்தில் ஓர் எச்சரிக்கை. கால்சியம் கார்பைடுக் கல் ஈரத்தோடு சேர்ந்தால் அசிட்டிலின் வாயு வரும். நம் வெல்டிங் கடையில் வருகிற அதே வாயுதான்! அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். அதனால் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். எத்திலின் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் வாசனையே இல்லாத பழத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

அளவு? ஆளுக்கு 150 கிராம் போதும். எங்களுக்கு 60 பேர், அதாவது 9 கிலோ. தோல், கொட்டை, கொண்டை போகும் என்பதால் 14 கிலோ வாங்கினோம். அன்னாசியில் கிட்டத்தட்டப் பாதி கழிவுதான்.

அடுத்து கழுவுவது. தோலைத்தான் எறியப் போகிறோமே என்று நினைக்காதீர்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டு போய்விடும். தர்ப்பூசணியைக்கூடத் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகே வெட்ட வேண்டும். கையும் பலகையும் அதே மாதிரி சுத்தமாக இருக்கட்டும்.

இனி நறுக்குவது. ஆப்பிளைச் சீவும்போது அதன் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பீனால் பொருள்களும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் கலந்து, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பாகின்றன. துருவுக்கு நொதி வேண்டாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். மற்றபடி ஐயா சொன்னது சரி. 1 லிட்டர் தண்ணீரில் 2 எலுமிச்சை பிழிந்து, துண்டுகளை 5 நிமிஷம் போட்டு எடுத்தால் அதன் புளிப்பு நொதியை அடக்கிவிடும். சிறுமலை வாழையை நறுக்கவே வேண்டாம். சின்னப் பழம், தோலோடு வையுங்கள்.

உப்பு, மிளகாய்த்தூளை மேலே தூவாதீர்கள். நாம் படித்த சவ்வூடு பரவல்தான்; உப்பு பழத்திலிருந்து நீரை இழுத்துவிடும். தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

கடைசியாக அடுக்குவது. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, நடுவில் அன்னாசிக் கொண்டையை நிறுத்தினோம். அதைச் சுற்றிப் பிறை பிறையாகப் பப்பாளி, பக்கத்தில் வெள்ளைக் கொய்யா, அடுத்து கறுப்புத் திராட்சை என்று நிறம் மாற்றி மாற்றி வைத்தோம். தண்ணீர் விடும் தர்ப்பூசணிக்குத் தனித் தட்டு. மாதுளை முத்தை மேலே கடைசியில் தூவினோம்.

எல்லாவற்றிலும் முக்கியம் நேரம். நறுக்கிய பழம் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். ஏப்ரல் மாத மதுரையில் 32 டிகிரிக்கு எங்கே போவது! ஆகவே அன்னாசியையும் தர்ப்பூசணியையும் மட்டும் முன்னதாக வெட்டி கேன்டீன் ஃபிரிட்ஜில் வைத்தோம். மேடையில் வாழ்த்துரைகள் தொடங்கிய பிறகே ஆறு பேர் உட்கார்ந்து மற்றதை நறுக்கினோம். வாழ்த்துரைகள் நீளும் என்பது நமக்குத் தெரியாதா என்ன!

பழத்திலும் சர்க்கரை உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஐயாவிடமே கேட்டோம். டாக்டர் அவருக்குக் கொய்யாவும் பப்பாளியும் அளவோடு சாப்பிடலாம், மாம்பழம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அதன்படி அவருக்கு ஒரு சின்னத் தட்டைத் தனியாக எடுத்து வைத்தோம்.

மாலை போட்டு முடிந்ததும் தட்டை அவர் முன்னால் வைத்தேன். கொய்யாத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "பரவாயில்லையேடா, துருப் பிடிக்கல" என்று சிரித்தார். சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு துண்டு வை" என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் ஒரு விழாவில் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருந்தது.

அடுத்த ஆண்டு விழாப் பொறுப்பு ஏற்கும் தம்பி, தங்கைகளே! யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கத்தியைக் கடைசியில் எடுங்கள்.