உங்களுக்குத் தெரியுமா? பெட்டைக்குட்டிக்கு ஏன் விலை குறைவு?

ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு ராஜபாளையம் நாய்க்குட்டிகள். நிறத்திலும் துடிப்பிலும் வித்தியாசம் இல்லை, விலையில் மட்டும் இருக்கிறது. வீட்டில் வளர்க்கக் குட்டி தேடுபவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே “ஆண் குட்டி இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். பிறப்பதோ பொதுவாக ஏறக்குறையச் சரிபாதி. தேவை ஒரு பக்கம் குவிவதால் ஆணுக்கு விலை ஏறுகிறது.

★

பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். தரையில் ரத்தக் கறை படியும், வாசலில் தெருநாய்கள் கூடும், சற்றே கண் அசந்தால் 63 நாள் கழித்துக் குட்டிகள் பிறக்கும். வாங்குபவர் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சம்தான் விலையைக் குறைக்கிறது. குட்டியிடம் எந்தக் குறையும் இல்லை.

★

ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கள் இருக்கலாம்! பருவத்தில் பெட்டை ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களுடன் சேர்ந்தால் இப்படி நடக்கும். சாதி நாய் வளர்ப்பவர்கள் அந்த நாட்களில் பெட்டையைப் பூட்டியே வைப்பது இதனால்தான்.

★

குட்டி எடுத்து விற்பவரிடம் போனால் கணக்கு தலைகீழ். ஒரு நல்ல ஆண் நாய் ஆண்டில் பல பெட்டைகளோடு இணையும். அதை வெளியிலிருந்து கூலிக்கும் அழைத்துவரலாம். பணத்துக்குப் பதிலாக ஆண் நாயின் சொந்தக்காரர் ஈத்தில் ஒரு குட்டியை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் குட்டி போட வீட்டில் பெட்டை இருந்தாக வேண்டும். ஆகவே நல்ல வம்சத்துப் பெட்டைக்குட்டியை அவர்கள் விற்பதற்கே யோசிப்பார்கள். விற்றால் ஆணைவிட அதிகமாகக் கேட்பதும் உண்டு. பெட்டையை ஓய்வின்றிச் சினைப்படுத்துவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி 18 மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கவும் கூடாது. தாயின் உடம்பை உருக்கிச் சம்பாதிப்பவர்களிடம் குட்டி வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

★

விரை இறங்காவிட்டால் ஆண் குட்டியின் விலையும் சரியும். விரைகள் இரண்டும் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் ஒன்று வயிற்றிலேயே நின்றுவிட்டால், இனி இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இது பரம்பரையாக வரும் குறை. கண்காட்சியில் சேர்க்கமாட்டார்கள், இனப்பெருக்கத்துக்கும் ஆகாது. உள்ளே தங்கிய விரையில் பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அறுவை செய்து எடுத்துவிடுவது நல்லது. மற்றபடி வீட்டுக்கு அருமையான நாய்தான்.

★

சோவியத் ஒன்றியம் விண்வெளிச் சுற்றுப்பாதைக்குப் பெரும்பாலும் பெட்டை நாய்களைத்தான் தேர்ந்தெடுத்தது. நெருக்கமான கூண்டில் காலைத் தூக்காமல் சிறுநீர் கழிக்கும் என்பது ஒரு காரணம். 1957இல் சென்ற லைக்கா மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட பெட்டை, அது திரும்பவில்லை. 1960 ஆகஸ்டில் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பிய ஸ்ட்ரெல்கா பிறகு ஆறு குட்டிகள் போட்டது. அவற்றில் புஷின்கா என்ற குட்டி அமெரிக்க அதிபர் கென்னடியின் மகளுக்குப் பரிசாகப் போனது.

★

திரையில் பெட்டையாக வரும் ‘லாஸி’ என்ற நாயாக 1943இல் நடித்தது பால் என்ற ஆண் நாய்! பெட்டைக்குப் பருவத்துக்குப் பின் முடி கொட்டிவிடும். படப்பிடிப்புக்கு அடர்ந்த முடி வேண்டும்.

★

கிடேரிக் கன்று பிறந்தால் மகிழ்கிற வீட்டிலேயே பெட்டை நாய்க்குட்டிக்கு இடம் கிடைப்பதில்லை. சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் விடப்படுகிற குட்டிகளைப் பாருங்கள், பெட்டைகள்தான் அதிகம் கண்ணில் படும். பிழைப்பவை ஓராண்டுக்குள் தாங்களே குட்டி போடத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் தெருவில் நாய்த் தொல்லை என்று பிறகு எழும் புகாருக்கு, விட்டுப் போன வீடுதான் பொறுப்பு. கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற வழியைச் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964லேயே முன்வைத்தது.

★

கருத்தடை செய்த பெட்டை பருவத்துக்கு வராது. ரத்தக் கறையோ வாசல் கூட்டமோ இருக்காது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை என்பதால் ஆணைவிடச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் கொடிய நோய்க்கு அதோடு வழி அடைபடும். சுவீடனில் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வந்திருந்தது. பெட்டைக்குட்டி வாங்கும்போது மிச்சமாகும் பணத்தை அந்த அறுவைக்கென்று எடுத்து வையுங்கள். எந்த வயதில் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவர் இனத்தைப் பார்த்துச் சொல்வார்.